கண்ணாடிக்கு வெட்கப்பட்ட மசூர்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே அபூசாலி முதலாளியின் பஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவன் மசூர். சாய்ந்தமருதில் நபீஸாவைக் கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி மனைவி வீட்டிலேயே குடியிருந்தான். நெடிய ஆள். வெள்ளைச் சேர்ட்டின் கைகளை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, உதட்டில் ஒரு சிரிப்போடு இருப்பான். வேறு பஸ் வந்தாலும் ஏறாமல், மசூரின் பஸ் வரட்டும் என்று காத்திருக்கிறவர்கள் ஒவ்வோர் ஊரிலும் நாலு பேராவது இருந்தார்கள்.

அவனுடைய இடது கண் பிறவியிலேயே மங்கல். வெளியில் பார்க்க நல்ல கண் போலவே இருக்கும். ஆனால் வெளிச்சமா நிழலா என்பதற்கு மேல் அந்தக் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. வலது கண்தான் எல்லா வேலையையும் பார்த்தது. இது நபீஸாவைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அதே முதலாளியிடம் வேலப்போடி என்று இன்னொரு டிரைவர் இருந்தார். வயது போனவர். பார்வை குறைந்து அவர் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், பஸ் நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் மசூர்தான் "சோடாப் போத்தல் வருகுது, விலகுங்க" என்று கத்தினான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பெயர் வேலப்போடியோடு ஒட்டிக்கொண்டது. சோடாப் போத்தலின் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றுவதற்குப் பெண்கள் பயந்தார்கள். சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டு நற்பிட்டிமுனைக்கு வயல் பார்க்கப் போய்விட்டார். போகிற நாளில் மசூரிடம் அவர் சொல்லிக்கொண்டு போகவில்லை. அது மசூரின் மனதில் தங்கவும் இல்லை.

பிறகு ஒரு கோடையில், முன்னால் போன லொறியின் சில்லிலிருந்து தெறித்த கல்துண்டு ஒன்று மசூரின் வலது கண்ணில் பட்டது. கண் சீழ் பிடித்தது. யார் யாரோ சொன்ன மருந்தெல்லாம் விட்டார்கள். புண் ஆறியபோது கருவிழியின் மேல் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அவன் வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். நபீஸா விடியற்காலையில் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் கைப்பிள்ளையோடு குடும்பத்தை நடத்தினாள்.

அந்தக் காலத்தில் அவனைத் தேடி ஒழுங்காக வந்தவன் தங்கத்துரை ஒருவன்தான். பஸ்ஸில் டிக்கட் கிழிக்கிறவன். கல்முனையைச் சேர்ந்தவன். கொழும்புக் கண்ணாஸ்பத்திரியில் செத்தவர்களின் கண்ணிலிருந்து தெளிந்த தோலை எடுத்து உயிரோடிருக்கிறவர்களுக்கு வைத்துத் தைக்கிறார்கள் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னவனும் அவன்தான். மட்டக்களப்பு ஸ்டேசனிலிருந்து கோச்சியில் மசூரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவனும் அவன்தான்.

அங்கே டொக்டர் அழகரெத்தினம் என்று மட்டக்களப்புப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு, தலை அசையாதபடி இரண்டு பக்கமும் மணல் பைகளை வைத்து, இரண்டு கண்களையும் கட்டி, மசூரை நாட்கணக்காக மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகு ஒரு நாள் சிங்களப் பெண் ஒருத்தி வார்டுக்கு வந்தாள். அவளுடைய தகப்பனின் கண்ணைத்தான் மசூருக்கு வைத்திருந்தார்கள். தகப்பன் அதே ஆஸ்பத்திரியில் இறந்தபோது சம்மதித்துக் கையெழுத்து வைத்தவள் அவள். அவளுக்குத் தமிழ் தெரியாது. கட்டிலுக்குக் கிட்ட வந்து, குனிந்து, அவனுடைய வலது கண்ணை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கைகளைக் கூப்பிவிட்டுப் போய்விட்டாள்.

பூ போய்விட்டது. ஆனால் பார்வை நேராக வரவில்லை. மழைத் தண்ணீர் வழிகிற கண்ணாடிக்குள்ளால் பார்ப்பது போல எல்லாம் நெளிந்து, ஒன்று இரண்டாகத் தெரிந்தது. தைத்த தோல் சமமாக ஆறுவதில்லை, அதற்குக் கண்ணாடி போட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். சோதித்துப் பார்த்து ஒரு கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டுக் கையில் முகக்கண்ணாடி ஒன்றையும் கொடுத்தார். மசூர் பார்த்தான். தடித்த வில்லைக்குப் பின்னால் அவனுடைய கண் மீனின் கண் போலப் பெரிதாக நின்றது. சோடாப் போத்தல் என்ற சொல் தன் குரலிலேயே காதில் கேட்டது.

"தம்பி என்ன தொழில்?" என்று டொக்டர் கேட்டார்.

"பஸ்ஸில, ஐயா."

"ஓட்டுறதா?"

"இல்ல ஐயா. டிக்கட் கிழிக்கிற."

சொல்லிய பிறகுதான், தங்கத்துரை கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பது அவனுக்கு நினைவு வந்தது. நல்லவேளை, கதவு சாத்தியிருந்தது.

"அப்ப கரைச்சல் இல்ல. ஓட்டுறதெண்டா நான் விடமாட்டன். கண்ணாடி போட்டா முதல்ல நிலம் சரிஞ்ச மாதிரித் தெரியும். ஒரு மாசம் போகட்டும், பழகிரும்."

"ஐயா, கண்ணாடி இல்லாம வேற வழி ஒண்டும் இல்லையா?"

"ஏன், கண்ணாடிக்கு என்ன?"

"ஆக்கள் சிரிப்பாங்க ஐயா."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு அவனைக் கொஞ்சம் பார்த்தார். "கண்ணுக்குள்ள வைக்கிற கண்ணாடி ஒண்டு இரிக்கு. கொண்டக்ட் லென்ஸ் எண்டு சொல்லுற. வெளியால ஆருக்கும் தெரியாது. உன்ட கண்ணுக்கு அதுதான் இன்னும் தெளிவாக் காட்டும், அதையும் மறைக்காமச் சொல்லுறன். ஆனா இது இன்னொராளிட தோல். தைச்சு ஒட்டவெச்சது. லென்ஸ் நெடுக உரஞ்சினாத் தாங்காது. ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம், அதுக்கு மேல இல்ல. தூசியில போடப்படாது. கண் சிவந்தா உடன கழட்டிப்போட்டு இஞ்ச வரோணும். என்னைக் கேட்டா, நான் கண்ணாடியைத்தான் சொல்லுவன்."

"லென்ஸ் போதும் ஐயா," என்றான் மசூர்.

சில கிழமைகள் வார்டிலேயே காத்திருந்த பிறகு அது வந்தது. நகத்தளவு வில்லை. டொக்டர் இமையை விரித்து வைத்துவிட்டதும் கண்ணில் மண் விழுந்தாற்போல அரித்துத் தண்ணீர் கொட்டியது. தண்ணீர் நின்றதும் மசூர் யன்னலைப் பார்த்தான். வெளியே நின்ற மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. கல் பட்டதற்கு முன்னால்கூட இப்படித் தெரிந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. வீட்டில் மீதி நேரத்துக்குப் போடு என்று டொக்டர் மூக்குக்கண்ணாடியையும் கையில் கொடுத்தார். அதை அவன் சாரத்துக்குள் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்தான்.

"கண்ணாடி ஒண்டும் தரல்லயா?" என்று, அவனைக் கூட்டிப்போக மறுபடி வந்த தங்கத்துரை கோச்சியில் கேட்டான்.

"தேவையில்லையாம் மச்சான். கண் நல்லாயிட்டாம்."

தங்கத்துரை மேலே பார்த்துக் கும்பிட்டான்.

கல்முனைக்கு வந்ததும் அபூசாலி முதலாளி அவனைக் கடை வாசலில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்துப் புடைவைக் கடையின் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொன்னார். மசூர் மளமளவென்று வாசித்தான். அந்தப் பலகை அவனுக்கு மனப்பாடம் என்பதை முதலாளி நினைத்துப் பார்க்கவில்லை. கூடி நின்றவர்கள் கை தட்டினார்கள். "அல்ஹம்துலில்லாஹ், நாளைக்கே ஏறு," என்றார் முதலாளி.

லென்ஸைப் பற்றித் தெரிந்தவள் நபீஸா மட்டும்தான். விடியற்காலையில் கொதித்தாறிய உப்புத் தண்ணீரை அவள் கிண்ணத்தில் வைப்பாள். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகக்கண்ணாடியை அவனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ் ஓட்டுகிற விஷயத்தை டொக்டரிடம் சொன்னீர்களா என்று அவள் கேட்டபோது, சொன்னேன் என்றான்.

"நாலு மணித்தியாலம் எண்டு அவர் சொன்னதெண்டு சொன்னீங்களே. நீங்க விடிய வெள்ளாப்பில போனா பொழுதுபட்டு மஃரிபுக்குத்தானே வாறீங்க?"

"அக்கரைப்பற்றில பஸ் நிக்கக்குள்ள கழட்டுவன். மறுகா போடுவன்."

அவன் ஒரு நாளும் கழற்றவில்லை. அக்கரைப்பற்று நிலையத்தில் எத்தனையோ கண்கள் இருந்தன. கழுவுவதற்குச் சுத்தமான தண்ணீரும் இருக்கவில்லை. முதல் மாதம் கண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து பின்னேரமானால் கண் எரிந்தது. வீட்டுக்கு வரும்போது சிவந்திருக்கும். தூசி என்பான். நபீஸா வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "புள்ளட வாப்பா, ஒருக்காக் கொழும்புக்குப் போவமே," என்பாள். போகலாம் என்பான். வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிகிறது என்பதை அவளிடம் அவன் சொல்லவில்லை.

ஆடி மாதம் வந்தது. கச்சான் காற்று சுழன்றடித்தது. நிந்தவூருக்கு அப்பால் தெருவின் இரண்டு பக்கமும் சூடடிப்பு நடந்துகொண்டிருந்தது. களத்தில் தூற்றிய பதர் புகை போல எழும்பித் தெருவைக் கடந்து போயிற்று. பின்னேரம். லென்ஸ் விடியற்காலையிலிருந்து கண்ணிலேயே இருந்தது. பஸ் நிறைய ஆட்கள். தங்கத்துரை இடப்பக்கத்து மிதிபலகையில் நின்றுகொண்டு வந்தான்.

திறந்த யன்னலால் வந்த பதர் ஏதோ ஒன்று லென்ஸுக்கு அடியில் போயிருக்க வேண்டும். ஊசியால் குத்தியது போல இருந்தது. வலது கண் தானாகவே இறுக மூடிக்கொண்டது. மசூர் ஒரு கையை எடுத்துக் கண்ணைப் பொத்தினான். திறந்திருந்த இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமலே பிரேக்கை மிதித்தான். பஸ் தெருவை விட்டிறங்கி, மருத மரமொன்றை இடப்பக்கத்தால் உரசிக்கொண்டு போய், வாய்க்காலுக்குள் முன்சில்லை வைத்து நின்றது.

உள்ளே ஓலம். மசூர் கதவைத் திறந்து வாய்க்காலுக்குள் இறங்கினான். அவன் முதலில் செய்த வேலை இதுதான்: பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சேற்றுக் கையால் இமையைப் பிரித்து, லென்ஸை நோண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டான். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தான். மரத்தடியில் தங்கத்துரை கிடந்தான். வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை.

"என்ன நடந்த? என்ன நடந்த?" என்று களத்திலிருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

"மாடு. மாடொண்டு குறுக்கால வந்திட்டு," என்றான் மசூர்.

மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். தங்கத்துரையைத்தான் வண்டியில் கிடத்திக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாளெல்லாம் மசூர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அதற்கடுத்த நாள், சிவந்து நீர் வடிகிற கண்ணைக் கைலேஞ்சியால் ஒற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

தங்கத்துரையின் மனைவி நேசம்மா, அவனை அண்ணன் முறை சொல்லி அழைக்கிறவள், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவனைக் கண்டதும் எழும்பிப் போத்தலிலிருந்து தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தாள்.

"இருங்க காக்கா. எல்லாரும் சொல்லுறாங்க, நீங்க அந்த நேரம் பிடிச்சு நிப்பாட்டின படியாத்தான் இவர் உசிரோட இரிக்காராம். உங்கட கண்ணுக்கும் அடியா? நல்லாச் சிவந்திரிக்கே."

மசூர் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரவில்லை.

தங்கத்துரை குரலைத் தாழ்த்தி, "பொலிஸ் வந்து கேட்டுப்போட்டுப் போனாங்க," என்றான். "ஓம், மாடுதான் எண்டு சொல்லியிரிக்கன். மறுகாவும் வருவாங்களாம். மசூர், மாடு என்ன நிறம்?"

மசூர் கோப்பையைத் தூக்கிக் கொஞ்சம் குடித்தான்.

"ரெண்டு பேரும் ஒண்டாச் சொல்லோணுமே. வெள்ளை எண்டு சொல்லட்டா?"

"மாடு இல்ல மச்சான்."

"அது எனக்குத் தெரியும். நான் முன்னுக்குத்தானே பார்த்துக்கொண்டு வந்த. பிரேக் பிடிக்கல்ல, முதலாளிக்குப் பயந்து சொல்லுறாய் எண்டு நினைச்சன். அதுதான் நானும் ஓம் எண்டன்."

"பிரேக்கில பிழை இல்ல. எனக்குக் கண் தெரியல்ல."

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். டொக்டரிடம் டிக்கட் கிழிக்கிற வேலை என்று சொன்னதை, கோச்சியில் சொன்ன பொய்யை, நாலு மணித்தியாலத்தை, வாய்க்காலில் போட்ட லென்ஸை. சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேசம்மா அசையாமல் நின்றாள்.

தங்கத்துரை கூரையைப் பார்த்தான். "கண்ணாடி போட்டிருந்தா நாங்க என்ன செஞ்சிருப்பம்?" என்று கேட்டான். "சிரிச்சிருப்பம். ரெண்டு கிழமை சிரிச்சிருப்பம். அவ்வளவுதானே மசூர்."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நேசம்மா வந்து, பாதி குடித்திருந்த கோப்பையை மசூரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து அவன் நேரே முதலாளியிடம் போனான். பிறகு முதலாளியோடு பொலிசுக்கும் போனான். மாடு என்ற கதையை உண்டாக்கியது தான் மட்டும்தான், தங்கத்துரை தன்னை நம்பிச் சொன்னான் என்றான். அபூசாலி முதலாளி ஏசவில்லை. வெளியே வந்ததும், "என்ட பேத்தியும் அந்த பஸ்ஸில பள்ளிக்கூடம் போற புள்ளதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். ஓட்டுகிற அனுமதி பறிபோயிற்று. வழக்கு நடந்து குற்றப்பணமும் விதித்தார்கள்.

நபீஸாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அவள் மாவைக் குழைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "முகக்கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நானே," என்றாள். அவள் தன்னையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டது, திட்டுவதைவிட அவனை அதிகமாக வருத்தியது. அடுத்த கிழமை அவள்தான் அவனைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் அழகரெத்தினம் கருவிக்குள்ளால் கண்ணைப் பார்த்தார். தைத்த தோலின் ஓரத்திலிருந்து மூட்டம் படர்ந்து நடுவை நெருங்கியிருந்தது.

"என்ன செஞ்ச நீ?"

மசூர் சொன்னான். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தான். அவர் களைத்துப் போனவர் போலக் கதிரையில் சாய்ந்தார்.

"கண்ணுக்குக் காத்துக்கொண்டு எத்தின பேர் வெளியால இரிக்காங்க தெரியுமா தம்பி?" என்றார். பிறகு வார்டில் படுக்கச் சொல்லி எழுதினார்.

ஒரு மாதம் போல மருந்து விட்டார்கள். மூட்டம் நடுவுக்கு வராமல் நின்றது, வந்தது விலகவில்லை. இனி லென்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை, தடித்த கண்ணாடிதான், அதிலும் பாதிப் பார்வைதான் என்றார் டொக்டர். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் மசூர் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஐயா, இந்தக் கண் தந்தவரிட மகள். அவவுக்கு இது தெரியவருமா?"

"இல்ல. நான் சொல்லப்போறதில்ல."

மசூருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. இறங்கியதை உணர்ந்த உடனே, அதற்காகவும் வெட்கம் வந்தது. நபீஸா பார்த்துவிடாதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பி, மருதமுனையில் நபீஸாவின் தம்பி றஸாக்கின் சாரக் கடையில் துணி மடித்து வைக்கிற வேலைக்குப் போனான். முதல் நாள் கண்ணாடியோடு தெருவில் இறங்கியபோது காது இரண்டும் சூடாகிவிட்டன. ஒருவரும் சிரிக்கவில்லை. விபத்துக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு விலகிப் போனார்கள். யாராவது ஒருவன் சோடாப் போத்தல் என்று கத்தமாட்டானா என்று அவனுக்கு இருந்தது. டொக்டர் சொன்னது போல, ஒரு மாதத்தில் நிலம் சரிந்து தெரிவது நின்றது. நற்பிட்டிமுனைக்குப் போய் வேலப்போடியைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று பலமுறை நினைத்தான். ஒரு தடவை பாதி வழி போய்த் திரும்பி வந்தான்.

சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கும் திரும்பவும் அவன் கடற்கரைப் பாதையால் நடந்தே போய் வந்தான். அந்தப் பாதையில் அபூசாலி முதலாளியின் பஸ் ஓடுவதில்லை. அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற வேலை எதையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுவான். ஆனால் மாரி தொடங்கிய ஒரு நாள், நிந்தவூரிலிருந்த நபீஸாவின் மாமி மௌத்தாகிவிட்டார். நபீஸா சாவு வீட்டுக்கு முன்னமே போயிருந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. பஸ்ஸை மறித்து ஏறினான்.

ஓட்டியவன் புதியவன். டிக்கட் கிழித்தவன் தங்கத்துரை. வேலைக்குத் திரும்பிவிட்டான் என்று மசூர் கேள்விப்பட்டிருந்தான், பார்த்தது அன்றுதான். தங்கத்துரை வரிசையாக வந்து அவனுக்கு முன்னால் நின்றான்.

"எங்க?"

"நிந்தவூர்."

இடது கையால் டிக்கட்டைக் கிழித்து நீட்டினான். மீதியை எண்ணிக் கொடுத்தான். மசூர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

காரைதீவுச் சந்தியில் ஆட்கள் ஏறி முடிந்ததும் பஸ் புறப்பட மணியடிக்க வேண்டும். மணிக்கயிறு கூரையோடு ஓடுகிறது. தங்கத்துரையின் இடது கையில் டிக்கட் கட்டும் காசும் இருந்தன. வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. முன் ஆசனத்தில் இருந்த கிழவர் ஒருவர், நெடுநாள் பழக்கம் போல எழும்பி, கயிற்றை எட்டி இழுத்துவிட்டு அமர்ந்தார். அடுத்த தரிப்பில் இன்னொருவர் இழுத்தார். பஸ்ஸில் வருகிறவர்கள் தங்களுக்குள் அப்படி ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

மசூரின் தலைக்கு மேலேயும் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள்ளால் அதன் முறுக்குகள்கூட அவனுக்குத் தெரிந்தன. நிந்தவூருக்குள் நுழைந்ததும் பஸ் ஒரு தரிப்பில் நின்றது. அவன் இறங்க வேண்டிய இடம் அதற்கடுத்தது. ஏறியவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் நெடிய ஆள் அவன்தான் என்பதால், கயிற்றை இழுப்பான் என்று இரண்டொருவர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கத்துரை பார்க்கவில்லை.

மசூர் எழும்பினான். கையை உயர்த்த அவனுக்குத் துணிவு வரவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கி, மீதித் தூரத்தை நடந்து போனான்.